மருமகள் கையில் சாவி

கரங்கானில் கார் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சில வீடுகளில் மூன்று நிற்கும். ஒன்று தினமும் ஓடும், ஒன்று தீபாவளிக்கு ஓடும், மூன்றாவதன் மேல் துணி காயும். ஆனால், தமிழ்நாட்டிலிருந்து வாழ வந்த மருமகள் கார் ஓட்டிப் போகும் வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த வரையில் நான் எண்ணினேன். ஒரு கை விரல்களே மிச்சம்.

திருச்சி, நாமக்கல், தஞ்சாவூர்ப் பக்கம் பெண் எடுப்பது நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. மாப்பிள்ளைக்குக் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் ஷிப்ட் வேலை இருக்கும். தாமானில் ஒரு வீடு, தோட்டத்தை விட்டு வர மனமில்லாத அம்மா. வருகிற பெண்களோ நன்றாகப் படித்தவர்கள். ஸ்கூட்டியில் கல்லூரிக்குப் போனவர்கள், ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போட்டு லைசன்ஸ் வாங்கியவர்கள். இங்கே வந்ததும் காரின் இடது பக்க இருக்கையில் உட்காருகிறார்கள். பல வருடம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் என் வானொலி நிகழ்ச்சிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. பெயர் வேண்டாம் என்றார். ஊரையும் “மாஹாங் பக்கம்” என்று மட்டும்தான் சொன்னார். கணவர் இரவு ஷிப்ட். தொழிற்சாலை பஸ்ஸில் போய்விட்டார். கார் வாசலில் நிற்கிறது. இரவு இரண்டு மணிக்கு இரண்டு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. கைப்பேசியில் வாடகைக் கார் கூப்பிட்டால், செம்பனைக் காட்டுக்குள் அந்த நேரத்தில் யாரும் வருவதாக இல்லை. பதற்றத்தில் ஊர் நினைப்பில் 108-ஐ அழுத்தியிருக்கிறார். இங்கே ஆம்புலன்ஸுக்கு 999 என்பதை அதுவரை அவருக்கு யாரும் சொல்லவில்லை. கடைசியில் நாலு வீடு தள்ளி இருக்கும் ஒரு மாமாவைக் கதவைத் தட்டி எழுப்பி, அவர் காரில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது.

“சாவி ஆணியிலதான் தொங்குச்சு அக்கா. எனக்கு ஓட்டவும் தெரியும். ஊர்ல அப்பாவோட வேனையே ஓட்டியிருக்கேன். ஆனா இங்க லைசன்ஸ் இல்லாம எடுத்து ஏதாச்சும் ஆயிட்டா அவரு தலையில விழுமேன்னு பயந்துட்டேன்” என்றார்.

அவர் பயந்ததில் தவறில்லை. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, லைசன்ஸ் இல்லாமல் ஓட்டுகிறவரை மட்டும் பிடிப்பதில்லை. ஓட்டவிட்டவரையும் சேர்த்தே பிடிக்கிறது. 300 வெள்ளியிலிருந்து 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து என்று வந்துவிட்டால் காப்புறுதிக்காரர்கள் முதலில் கேட்பதும் ஓட்டியவரின் லைசன்ஸைத்தான்.

அந்தப் பதிவை ஒலிபரப்பிய அன்று, “ஊர் லைசன்ஸை ஜேபிஜே-யில் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே?” என்று பலர் எழுதினார்கள். ஒரு காலத்தில் அப்படி மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. என் உறவிலேயே ஒருவர் இருக்கிறார். ஆனால் 2025 மே 19 முதல் அந்தக் கதவு பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டது. தூதரக அதிகாரிகள் போன்ற சில பிரிவினரைத் தவிர, வெளிநாட்டினர் தங்கள் நாட்டு லைசன்ஸைக் கொடுத்து மலேசிய லைசன்ஸாக மாற்றிக்கொள்ள முடியாது. மற்றவர்கள் நம் பதினேழு வயதுப் பிள்ளைகளைப் போல் முதலிலிருந்து படித்து, டெஸ்ட் எழுதி எடுக்க வேண்டும்.

“அப்போ இன்டர்நேஷனல் லைசன்ஸ்?” என்பது அடுத்த கேள்வி. இந்தியாவில் ஆர்.டி.ஓ. தரும் அந்தச் சிறு புத்தகம் 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் பிள்ளை. ஊர் லைசன்ஸோடு சேர்த்துக் காட்டினால்தான் அதற்கு மதிப்பு. ஆயுள் ஒரு வருடம். நாடு சுற்ற வருகிறவர் வாடகைக் கார் எடுத்து நாலு இடம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்து இங்கேயே குடித்தனம் நடத்துகிறவரை அது எத்தனை நாள் தாங்கும்?

இதை இந்தியர்களுக்கு மட்டும் காட்டும் ஓரவஞ்சனை என்று கோபப்பட வேண்டாம். நம் பிள்ளைகள் வெளியே போனாலும் இதே கதைதான். சிங்கப்பூரில் வேலை பாஸில் இருக்கும் மலேசியர் 12 மாதம்தான் நம் லைசன்ஸில் ஓட்டலாம். அதற்கு மேல் அங்குள்ள அடிப்படைத் தேர்வை எழுதி, 50 கேள்விக்கு 45 சரியாகச் சொன்னால்தான் லைசன்ஸ் மாற்றித் தருவார்கள். பிரிட்டனில் இன்னும் சங்கடம். சிங்கப்பூர் லைசன்ஸை அங்கே நேரடியாக மாற்றிக்கொள்ளலாம், மலேசிய லைசன்ஸை முடியாது. நம்மவர் 12 மாதம் ஓட்டிவிட்டு, பிறகு அங்கே கற்றுக்குட்டி லைசன்ஸிலிருந்து தொடங்க வேண்டும். பத்து வருடம் நெடுஞ்சாலையில் ஓட்டியவரும் லண்டனில் எல் போர்டு மாட்டிக்கொண்டுதான் போகிறார்.

ஆக, சட்டம் மூடியது ஒரு குறுக்குவழியை. நேர்வழி திறந்துதான் இருக்கிறது. எனக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் அந்த நேர்வழியே பல குடும்பங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. “வெளிநாட்டுக்காரிக்கு லைசன்ஸ் தரமாட்டாங்க” என்று கோயில் வாசலில் யாரோ சொன்னது சட்டமாகிவிட்டது.

கணவன் மனைவி என்ற முறையில் குடிநுழைவு இலாகா தரும் நீண்ட காலச் சமூக வருகை பாஸ் கையில் இருந்து, பாஸ்போர்ட்டும் பாஸும் செல்லுபடியாக இருந்தால், வாகனமோட்டும் பயிற்சிக் கழகத்தில் பதிந்துகொள்ளலாம். முதலில் நிறக்குருடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு ஆறு மணி நேர வகுப்பு. அதன் பிறகு கணினியில் 50 கேள்விகள். 42 சரியாக இருந்தால் தேர்ச்சி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தத் தேர்வை மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என நான்கு மொழியில் எதிலும் எழுதலாம். தமிழில்! “எனக்கு மலாய் தெரியாதே” என்று மூன்று வருடம் தள்ளிப்போட்ட பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. நான்கு தலைமுறையாக இங்கே இருந்து தமிழ்ப்பள்ளிகளைக் காப்பாற்றி வைத்திருப்பதன் பலன் இப்படி எங்கெங்கோ கிடைக்கிறது. பதியும்போதே தமிழில் எழுத வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பயிற்சிக் கேள்விகளையும் தமிழிலேயே கேட்டு வாங்குங்கள்.

தேர்வில் அவர்களுக்கு ஒரு சாதகமும் உண்டு. இந்தியாவிலும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான். கைகால் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. மாற்ற வேண்டியது ஹாரன் பழக்கத்தைத்தான். ஊரில் ஹாரன் என்பது “நான் வருகிறேன்” என்று மரியாதையாகச் சொல்வது. இங்கே அடித்தால், முன்னால் போகிறவர் காரை நிறுத்திவிட்டு இறங்கி வருவார். அப்புறம் வேகம்: நெடுஞ்சாலையில் 110, கூட்டரசுச் சாலையில் 90, ஊருக்குள் 60, பள்ளிக்கூடப் பகுதியில் 30. இவை கேள்வித்தாளிலும் வரும், சம்மனிலும் வரும்.

எழுத்துத் தேர்வு முடிந்தால் எல் லைசன்ஸ். ஊரில் எல்.எல்.ஆர். என்பார்களே, அதுதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். இங்கே கார் பழகுவது அங்கீகாரம் பெற்ற பயிற்றுநருடன் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை தாமான் சாலையில் நானே சொல்லிக் கொடுக்கிறேன் என்று கணவர்மார் கிளம்பக் கூடாது. சட்டப்படியும் தவறு, குடும்பத்துக்கும் நல்லதல்ல. கணவனிடம் கியர் மாற்றக் கற்றுக்கொண்டு சண்டை போடாமல் வீடு திரும்பிய தம்பதியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

மேனுவலா ஆட்டோவா என்பதைப் பதியும்போதே முடிவு செய்ய வேண்டும். 2014-லிருந்து ஆட்டோவுக்கென்று டிஏ பிரிவு தனியாக இருக்கிறது. சுலபம்தான். ஆனால் அந்த லைசன்ஸில் மேனுவல் கார் ஓட்ட முடியாது. வீட்டில் நிற்பது மாமனாரின் பழைய கன்சில் என்றால் அது மேனுவலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆட்டோ லைசன்ஸ் எடுத்துவிட்டுச் சாவியைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. வாசலில் எது நிற்கிறதோ அதற்கேற்ற லைசன்ஸ்.

பிறகுதான் பெண்கள் பயப்படும் கட்டம். மைதானத்தில் மேட்டில் நிறுத்திப் பின்னால் நழுவாமல் எடுப்பது, ஓரமாகச் செருகி நிறுத்துவது, மூன்று வளைவில் திருப்புவது, அதன் பிறகு சாலையில் ஓட்டிக் காட்டுவது. மேடு எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும், அதில் உள்ளூர் வெளியூர் பேதம் இல்லை. தமிழ்நாட்டுப் பெண்களைத் தடுமாற வைப்பது வேறு. ஓட்டுவதற்கு முன் வண்டியைச் சுற்றிப் பார்த்து, உள்ளே உட்கார்ந்து, என்னென்ன சோதிக்கிறோம் என்று அதிகாரியிடம் வாயால் சொல்ல வேண்டும். ஆர்பிகே, ஆர்எஸ்எம் என்பார்கள். கணினியில் தமிழ் வந்தது. இங்கே பெரும்பாலும் மலாய்தான் ஓடும்.

ஆனால் அது மொத்தமே இருபது, இருபத்தைந்து சொற்கள். தாயார் என்றால் டயர். செர்மின் என்றால் கண்ணாடி. மிஞ்ஞாக் ஹித்தாம் என்றால் கறுப்பு எண்ணெய், அதாவது எஞ்சின் ஆயில். பிரேக் தாங்ஙான் என்றால் கைப் பிரேக். சீட் பெல்ட்டுக்குத் தாலி பிங்காங். தாலி என்றால் மலாயில் கயிறு, பிங்காங் இடுப்பு. “தாலியப் போட்டியானு அதிகாரி கேட்டா என்ன சொல்றது அக்கா?” என்று ஒரு புதுப் பெண் கேட்டபோது, நிகழ்ச்சியில் எனக்குப் பேச்சே வரவில்லை, சிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டும் கயிறுதான் மா, காரில் உயிரைக் காப்பாற்றுவது அந்த இடுப்புக் கயிறு என்றேன்.

இந்த இருபத்தைந்து சொற்களை ஒரு தாளில் தமிழ் எழுத்தில் எழுதிச் சமையலறையில் ஒட்டி வையுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் அதுவே ஆசிரியர். பிள்ளைகளுக்கு அம்மாவுக்குச் சொல்லிக் கொடுப்பதில் ஒரு தனி அதிகாரம் வந்துவிடும்.

செலவைச் சொல்லாமல் விட்டால் கணக்குப் பார்க்கும் மாமியார்கள் என்னைத் திட்டுவார்கள். பயிற்சிக் கழகத்துக்குக் கழகம் மாறும். எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் வெள்ளியைத் தாண்டலாம். பெரிய தொகைதான். இதை மிச்சம் பிடிக்கிறேன் என்று “கோப்பி ஓ” லைசன்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காசு கொடுத்து டெஸ்ட் இல்லாமல் வாங்கும் லைசன்ஸுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். பிடிபட்டால் உள்ளூர்க்காரருக்கு வழக்கு. பாஸில் இருப்பவருக்கு வழக்கோடு பாஸும் ஆட்டம் காணும்.

அந்தப் பாஸ்தான் இந்த விஷயத்தின் நடு முடிச்சு. மனைவிக்குப் பாஸ் எடுக்கவும் புதுப்பிக்கவும் மலேசியக் கணவர் உடன் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தொடக்கத்தில் குறுகிய காலத்துக்குத்தான் கொடுப்பார்கள், போகப்போக நீட்டிப்பார்கள். லைசன்ஸ் எடுக்கும் படிகளோ மாதக்கணக்கில் இழுக்கும். வகுப்பு முடிந்து டெஸ்ட்டுக்கு நாள் கிடைக்கும்போது பாஸ் காலாவதியாகியிருந்தால் எல்லாம் அந்தரத்தில் நிற்கும். ஆகவே பாஸைப் புதுப்பித்த கையோடு, அடுத்த வாரமே பயிற்சிக்குப் பதிவதுதான் புத்திசாலித்தனம். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், பணம் கட்டுவதற்கு முன் பாஸைக் காட்டி ஜேபிஜே முகப்பில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். இன்னொன்று: மைஜேபிஜே செயலியில் லைசன்ஸைக் காட்டினால் போதும் என்று 2023-இல் வந்த சலுகை குடிமக்களுக்கானது. மருமகள் அட்டையைக் கைப்பையில் வைத்திருக்கட்டும்.

சில வீடுகளில் பாஸ்போர்ட்டே பெண்ணின் கையில் இருப்பதில்லை. அலமாரியில் பூட்டி, சாவி மாமியாரின் இடுப்பில். “பத்திரமாக இருக்கட்டும்னுதான்” என்பார்கள். பத்திரம் யாருக்கு என்று நான் கேட்டால் சண்டை வரும். கேட்டும் இருக்கிறேன். “லைசன்ஸ் எடுத்துக் கொடுத்தா ஓடிப் போயிடுவா” என்று ஓர் அம்மா நேரலையிலேயே சொன்னார். ஓட வேண்டும் என்று நினைக்கிறவளுக்குக் கார் எதற்கு? பஸ் இருக்கிறது, விமானம் இருக்கிறது. லைசன்ஸ் கேட்கிற பெண் இங்கேயே வாழ முடிவு செய்துவிட்டாள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

“அந்நியர்” என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு என் பாட்டியின் ஞாபகம் வரும். இந்த மண்ணிலேயே பால் மரம் வெட்டி, ஏழு பிள்ளை பெற்று, சாகும்வரை சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர். நீல அட்டைக்கு மனு போட யாரும் அவரைக் கூட்டிப் போகவில்லை. கிராணியாரும் போகவில்லை, தாத்தாவும் போகவில்லை. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றதும் தோட்டங்கள் கலங்கின. அந்த நாளில் சுமார் 60,000 பேர் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறியதாகக் கணக்குச் சொல்கிறார்கள். பாட்டி பெர்மிட் வாங்கித் தங்கிவிட்டார். கூலிம் போக வேண்டுமென்றால் தாத்தாவின் சைக்கிளுக்குக் காத்திருப்பார், பிறகு மாமாவின் மோட்டாருக்கு, பிறகு அப்பாவின் காருக்கு.

இன்று வரும் மருமகள் ஐந்து வருடம் இந்தப் பாஸில் இருந்தால் நிரந்தர வசிப்பிடத்துக்கு மனு போடலாம். கிடைத்தால் கைக்கு வருவது அதே சிவப்பு அட்டை. அது எப்போது கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை. லைசன்ஸ் அதற்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

காருக்குப் பணம் இல்லாத வீடுகளும் உண்டு. அவர்கள் மோட்டாரிலிருந்து தொடங்கலாம். 250 சிசி வரையிலான பி2 லைசன்ஸ் செலவும் குறைவு. எல் லைசன்ஸிலேயே எல் அட்டை மாட்டித் தனியாக ஓட்டிப் பழகலாம். ஸ்கூட்டி ஓட்டிய பெண்ணுக்கு இது கைவந்த கலை. ஆனால் குழந்தையை முன்னால் நிறுத்திக்கொண்டு, மழையில் லாரிக்குப் பக்கத்தில் போகும் காட்சியைப் பாடாங் செராய் சாலையில் தினமும் பார்க்கிறேன். இரண்டாயிரம் வெள்ளி சேர்க்க முடிந்தால் காரே மேல்.

பாடாங் செராயில் ஒரு வீட்டில் இதெல்லாம் நடந்து முடிந்திருக்கிறது. மதுரைப் பக்கத்துப் பெண். மேட்டில் ஒருமுறை நழுவி, இரண்டாம் முறை தேறினார். இப்போது கையில் இரண்டு வருடத்துக்கான பி லைசன்ஸ், காரின் முன்னும் பின்னும் சிவப்புப் பி. முதல் பயணம் கோயிலுக்குப் போகட்டும் என்று மாமியார் சொன்னாராம். இவர் கூலிம் மார்க்கெட்டுக்குப் போனார். எந்த மீன் நல்ல மீன் என்று கணவருக்குப் பார்க்கத் தெரியாது, மூன்று வருடமாகச் செத்த நெத்திலியே வாங்கி வருகிறார் என்பது அவருடைய நெடுநாள் குறை. மாமியார் பின்னால் உட்கார்ந்து, தாலி பிங்காங் மாட்டிக்கொண்டு, வழிநெடுக முருகனைக் கூப்பிட்டிருக்கிறார். இடது பக்கம் உட்கார்ந்திருந்த கணவர், லூனாஸ் தாண்டும் வரை, அங்கே இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தாராம்.